ஒரே ஏரி, ஒரே பருவம்: பறவைப் படம் எடுக்க இடம் பார்ப்பதும் கை பழகுவதும்

புதிதாக லென்ஸ் வாங்கியவர்கள் முதல் வாரம் வேடந்தாங்கல், அடுத்த வாரம் பழவேற்காடு, அதற்கடுத்த வாரம் பள்ளிக்கரணை என்று ஓடுவதைப் பார்க்கிறேன். மூன்று இடத்திலும் ஏதோ சில படங்கள் கிடைக்கும். ஆனால் வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வரும், எந்தப் பறவை எங்கே மேயும், எதைக் கண்டு கலையும் என்பதை ஓர் இடத்தில்கூடக் கற்றுக்கொள்ள நேரம் இருக்காது.

நான் சொல்லும் வழி வேறு. வீட்டிலிருந்து அரை மணி நேரத்தில் போய்விடக்கூடிய சாதாரணப் பாசன ஏரி ஒன்றைப் பிடியுங்கள். அக்டோபரில் தொடங்கி ஏப்ரல் வரை அதற்கே திரும்பத் திரும்பப் போங்கள். கீழே உள்ள வரிசை செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கத்து ஏரிகளில் நடந்து பழகியது. இடம் முதலில், வெளிச்சம் அடுத்து, கேமரா அப்புறம். இந்த வரிசையை மாற்றுகிறவர்கள்தான் இரண்டு மாதத்தில் சலித்துப்போகிறார்கள்.

1. கிளம்பும் முன் கையில் இருக்க வேண்டியவை

கேமரா எந்த நிறுவனத்துடையதாக இருந்தாலும் சரி. லென்ஸ் 300 மி.மீ. வரை எட்டினால் தொடங்கிவிடலாம். 400 முதல் 600 வரை இருந்தால் ஏரிக்கு வசதி. திறந்த வெளியில் நிற்கும் நீர்ப்பறவை நம்மை வெகு தொலைவிலேயே பார்த்துவிடும் என்பதால்தான் இந்த நீளம் தேவைப்படுகிறது.

லென்ஸுக்குச் சமமாக நான் மதிப்பது 8x42 பைனாகுலர், அதாவது எட்டு மடங்கு பெரிதாக்குவது, முன்கண்ணாடி 42 மி.மீ. பத்து மடங்கு காட்டுவதை வாங்கினால் கை நடுக்கமும் அதே அளவு பெரிதாகத் தெரியும். முதல் சில நாள்கள் இதுதான் உங்கள் முக்கியக் கருவி.

அப்புறம் ஒரு சிறு நோட்டு, பென்சில், மங்கிய நிறத்தில் முழுக்கைச் சட்டை, மூடிய ஷூ, குடிநீர், உட்காரத் தார்ப்பாய்த் துண்டு. நம் ஊர் ஈரப்பதத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிப்பது சகஜம். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பைகளைப் போட்டு அதில் லென்ஸை வையுங்கள். ஏசி அறையில் இருந்த கேமராவை வெளியே எடுத்தவுடன் பையைத் திறக்காதீர்கள். குளிர்ந்த கண்ணாடியில் ஈரம் படிந்து பனிமூட்டம்போல் ஆகிவிடும், நல்ல வெளிச்சம் இருக்கும் அரை மணி நேரம் அதிலேயே போய்விடும். முந்தைய இரவே பையை ஏசி இல்லாத அறையில் வைத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

2. வரைபடத்தில் ஏரியைத் தேர்ந்தெடுங்கள்

கூகுள் மேப்பில் செயற்கைக்கோள் படத்தைத் திறந்து, உங்கள் ஊரைச் சுற்றி 15 கிலோமீட்டருக்குள் உள்ள ஏரிகளைப் பாருங்கள். மூன்று விஷயங்கள் வேண்டும்: நடக்கக்கூடிய கரை, தண்ணீருக்குள் நிற்கும் மரங்கள், ஏரியின் ஒரு பக்கத்திலாவது சேறும் புல்லுமாக ஆழமில்லாத பகுதி. முழுக்க ஆழமான ஏரியில் பறவை வகை குறைவு. முழுக்க ஆகாயத்தாமரை மூடிய ஏரியில் பறவை இருந்தாலும் படத்தில் தெளிவாக விழாது.

கூகுள் எர்த்தில் பழைய ஆண்டுகளின் படங்களையும் பார்க்கலாம். ஜனவரியில் தண்ணீர் எங்கே நின்றது, ஏப்ரலில் எங்கே சுருங்கியது என்று ஒப்பிடுங்கள். சுருங்கும் தண்ணீர் கடைசியாக நிற்கும் பள்ளத்தைக் குறித்து வையுங்கள். மார்ச் மாதம் உங்களுக்கு மிகவும் பயன்படப்போகும் இடம் அது.

அடுத்து, பறவை பார்ப்பவர்கள் தங்கள் பட்டியலை ஏற்றும் இபேர்ட் (eBird) தளத்தில் அந்த ஏரியோ பக்கத்து ஏரியோ பதிவாகியிருக்கிறதா என்று தேடுங்கள். அங்கே உள்ள பட்டை வரைபடம் ஒவ்வொரு மாதத்தையும் நான்காகப் பிரித்து, எந்தப் பறவை எப்போது பதிவானது என்று காட்டும். எல்லாவற்றையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். உங்கள் பருவத்தில் தவறாமல் வரும் பத்துப் பறவைகளை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள்.

தேர்ந்தெடுத்தது சரணாலயம் என்றால் வனத்துறையின் அனுமதியும் நேரக் கட்டுப்பாடும் உண்டு. அதனால்தான் பழகுவதற்குச் சாதாரண ஏரியைச் சொல்கிறேன்.

3. முதல் மூன்று முறை கேமரா வேண்டாம்

இதைச் சொன்னால் பலருக்கு வருத்தம். ஆனால் கேமரா கையில் இருந்தால் கண் முதலில் தெரியும் பறவையிலேயே நின்றுவிடும், ஏரியைப் பார்க்காது.

முதல் முறை நண்பகலில் போங்கள். பறவை குறைவாக இருக்கும். அதனால் நிலத்தை நிதானமாகப் பார்க்கலாம். கரையின் முழு நீளமும் நடந்து, நோட்டில் கைப்படம் ஒன்று போடுங்கள். இரண்டாம் முறை விடியற்காலை. மூன்றாம் முறை மாலை. இரண்டு வேளையும் ஓர் இடத்தில் ஒரு மணி நேரமாவது உட்கார்ந்து, பறவைகள் எந்தப் பக்கமிருந்து வருகின்றன, எங்கே இறங்குகின்றன, எந்தக் கிளைக்குத் திரும்பத் திரும்ப வருகின்றன என்று கைப்படத்தில் அம்புக்குறி போடுங்கள்.

இந்த நாள்களில்தான் ஊர்க்காரர்களிடமும் பேச வேண்டும். மடையைத் திறந்து மூடும் நீர்க்கட்டி, மீன் குத்தகை எடுத்தவர், ஆடு மேய்க்கும் பெரியவர், இவர்களுக்குத் தெரியாதது எதுவும் அந்த ஏரியில் நடக்காது. “ஐயா, பறவை படம் எடுக்க வந்திருக்கேன், எங்கே உக்காந்தா உங்களுக்குத் தொந்தரவு இல்லாம இருக்கும்?” என்று கேட்டுவிட்டால் போதும். பெரிய லென்ஸோடு சொல்லாமல் கொள்ளாமல் வரும் ஆளை ஊர் சந்தேகமாகப் பார்ப்பது நியாயம்தான்.

தவறாமல் கேட்க வேண்டிய இன்னொன்று: ஏரிக்குள் மண் அள்ளிய பள்ளங்கள் எங்கே இருக்கின்றன? முழங்கால் தண்ணீர் என்று நம்பி இறங்கும் இடத்தில் ஆள் உயரப் பள்ளம் இருக்கும். தண்ணீருக்கு மேலிருந்து அது தெரியவே தெரியாது. கோடையில் ஏரி வற்றும்போது நீங்களே பார்த்துக் குறிக்கும் வரை, தண்ணீருக்குள் காலை வைக்காதீர்கள். கரையோரச் சீமைக்கருவேலப் புதர்களில் பாம்பு இருக்கும். தரையைப் பார்க்காமல் பைனாகுலரில் பார்த்துக்கொண்டே நடக்கக் கூடாது.

4. ஏரியின் அமைப்பைப் படியுங்கள்

இந்தப் பகுதியை மட்டும் அவசரப்படாமல் படியுங்கள். ஏரி மனிதர் கட்டியது. எதற்காக எப்படிக் கட்டினார்கள் என்று தெரிந்தால், பறவை எங்கே நிற்கும் என்பதும் வெளிச்சம் எப்படி விழும் என்பதும் பாதி தெரிந்துவிடும்.

நம் கடலோரச் சமவெளியில் நிலம் மேற்கிலிருந்து கிழக்காகச் சரிகிறது. சரிந்து வரும் தண்ணீரைத் தடுக்கும் கரை அதனால் பெரும்பாலும் ஏரியின் கிழக்குப் பக்கத்தில் பிறைபோல் வளைந்து இருக்கும். காலையில் அந்தக் கரையில் நின்று ஏரியைப் பார்த்தால் சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால். பறவையின் மேல் நேர் வெளிச்சம் விழும். படம் எடுக்க இதைவிட வசதி வேறு இல்லை! எல்லா ஏரியும் இப்படி இருக்காது, உங்கள் ஏரியின் கரை எந்தப் பக்கம் என்று வரைபடத்தில் சரிபாருங்கள்.

கரையை ஒட்டி ஆழம் அதிகம். அங்கே மூழ்கி இரை தேடுபவையும் நீந்துபவையும் இருக்கும்: முக்குளிப்பான், நாமக்கோழி, நீர்க்காகம், கூழைக்கடா. கரைக்கு எதிர்ப்பக்கம், தண்ணீர் வந்து சேரும் உள்வாய், ஆழமில்லாதது. நடந்து இரை தேடுபவை அங்கே: உள்ளான்கள், பவளக்கால் உள்ளான், நத்தை குத்தி நாரை, கொக்குகள். “என் ஏரியில் உள்ளானே இல்லை” என்று சொன்ன பலர் கரையை விட்டு உள்வாய்ப் பக்கம் போனதே இல்லை.

பாசனத்துக்குத் தண்ணீர் விடும் மடையும், ஏரி நிரம்பினால் மிகுதி வழியும் கலங்கலும் தனிக் கவனம் வேண்டியவை. மடை திறந்திருக்கும்போது வெளியே வாய்க்காலில் மீன் குஞ்சுகள் வரும், அந்த விளிம்பில் மடையான் அசையாமல் நிற்கும். அதன் பெயரிலேயே மடை இருக்கிறது. நவம்பர், டிசம்பரில் ஏரி நிரம்பிக் கலங்கல் வழியும் சில நாள்களில் கொக்குகள் அங்கே வரிசை கட்டும். சீக்கிரம் முடிந்துவிடும் காட்சி அது. நீர்க்கட்டியிடம் உங்கள் போன் எண்ணைக் கொடுத்து வைத்திருந்தால் அவரே கூப்பிட்டுச் சொல்வார்.

ஏரிக்குள் நிற்கும் கருவேல மரங்களில் பட்டுப்போன கிளையாகப் பாருங்கள். நீர்க்காகமும் பாம்புத்தாராவும் சிறகை விரித்துக் காயவைக்கும் கிளையை எளிதில் மாற்றாது, மீன்கொத்தியும் அப்படியே. கிளைக்குக் கீழே வெள்ளை எச்சம் படிந்திருந்தால் அது வாடிக்கையான இடம் என்று அர்த்தம். பறவையைத் தேடி அலைவதைவிட அந்தக் கிளையின் எதிரே முன்கூட்டியே போய் உட்காருவது மேல்.

ஏரித் தண்ணீர் பாயும் ஆயக்கட்டு வயல்களை மறக்காதீர்கள். சேறு கலக்கி உழும்போது டிராக்டருக்குப் பின்னால் கொக்குகள் பத்தடி தூரத்தில்கூட நடக்கும். ஏரியில் நெருங்கவே முடியாத பறவையை வயலில் நெருங்கலாம்.

5. வெளிச்சத்தையும் மாதத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்

சென்னைப் பகுதியில் டிசம்பர் கடைசியில் சூரியன் நேர் கிழக்கிலிருந்து சுமார் 24 பாகை தெற்கே தள்ளி எழும். ஜூனில் அதே அளவு வடக்கே. அதனால் அக்டோபரில் கண்டுபிடித்த இடம் ஜனவரியிலும் அதே வெளிச்சத்தைத் தராது. போனில் உள்ள திசைகாட்டியை வைத்து, மாதத்துக்கு ஒரு முறை சூரியன் எழும் திசையைக் கைப்படத்தில் குறியுங்கள்.

சூரியன் எழுந்து முதல் ஒன்றரை, இரண்டு மணி நேரம்தான் உங்களுடையது. தாழ்ந்து வரும் வெளிச்சம் பறவையின் கண்ணிலும் வயிற்றிலும் படும். உச்சிக்குப் போகப் போக முதுகு மட்டும் வெளுத்து, கீழ்ப்பகுதி இருண்டுவிடும். இன்னொரு காரணம் கானல். ஒன்பது மணிக்குப் பிறகு தண்ணீரும் சேறும் சூடாகி மேலே காற்று நெளியத் தொடங்கும். தூரத்துப் பறவை எவ்வளவு முயன்றாலும் கூர்மையாக விழாது. இதை லென்ஸ் கோளாறு என்று நினைத்துப் பழுது பார்க்கக் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும். கானலுக்கு முக்காலியோ விலை உயர்ந்த லென்ஸோ மருந்து ஆகாது. தூரத்தைக் குறைப்பது ஒன்றுதான் வழி.

ஏரி நிரம்பியிருந்தால் பறவை நிறைய இருக்கும் என்று நினைப்பது புதியவர்கள் எல்லோரும் செய்யும் தவறு. பெருமழை முடிந்த நவம்பரில் வந்து, வெறும் தண்ணீர்ப் பரப்பைப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். நடக்கும் பறவைக்குக் கால் ஊன்ற இடம் வேண்டும். ஜனவரியிலிருந்து தண்ணீர் இறங்க இறங்கச் சேறு வெளியே வரும், உள்ளான்கள் சேரும். மார்ச்சில் மீன்கள் கடைசிப் பள்ளத்தில் ஒடுங்கும்போது நாரையும் கூழைக்கடாவும் கொக்கும் ஒரே இடத்தில் குவியும். வலசை வரும் வாத்துகளுக்கு டிசம்பர் முதல் பிப்ரவரி வரை. இடம் ஒன்றே ஆனாலும் மாதத்துக்கு மாதம் வேறு ஏரி அது.

6. கேமராவை வீட்டு மாடியில் பழக்குங்கள்

மூன்று முறை ஏரியைப் பார்ப்பதற்குள் வீட்டில் இந்த வேலையை முடித்துவிடுங்கள். காகமும் மைனாவும் போதும்.

முதலில், பறவையைக் கண்ணுக்குள் கொண்டுவரப் பழகுங்கள். நீண்ட லென்ஸில் பார்க்கும் பரப்பு மிகச் சிறியது. கேமராவைக் கண்ணில் வைத்துவிட்டுப் பறவையைத் தேடினால் கிடைக்காது. பறவையின் மேல் வைத்த பார்வையை எடுக்காமல் கேமராவைக் கண்ணுக்கு உயர்த்துங்கள். தென்னை ஓலை நுனி, மொட்டை மாடித் தொட்டியின் மூலை என்று மாறி மாறி, தினமும் ஐம்பது முறை. ஒரு வாரத்தில் கை தானாகவே சரியான இடத்துக்குப் போகும்.

இரண்டாவது, தொடர் ஃபோகஸ் முறையில் (பறவை நகர நகர ஃபோகஸும் கூடவே மாறும்) பறக்கும் காகத்தை ஐந்து வினாடி விடாமல் பின்தொடர்வது. இடுப்பிலிருந்து திரும்புங்கள், கையை மட்டும் நகர்த்தினால் பாதியில் நின்றுவிடும். மூன்றாவது, கண்ணை மூடிக்கொண்டு ஷட்டர் வேகத்தையும் வெளிச்சத் திருத்தத்தையும் (கேமரா தேர்ந்த வெளிச்சத்தைக் கூட்டுவது, குறைப்பது) மாற்றுவது. விடியலில் பொத்தானைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தால் பறவை போய்விடும்.

தொடக்க அளவுகள்: வெளிச்சம் உள்ளே வரும் துளையை லென்ஸ் தரும் அளவுக்குத் திறந்து வையுங்கள், பொதுவாக எஃப் 5.6 அல்லது 6.3. நிற்கும் பறவைக்கு 1/1000 வினாடி, பறப்பதற்கு 1/2000. ஐஎஸ்ஓவை (வெளிச்சத்துக்குக் கேமரா காட்டும் உணர்திறன்) தானியங்கியில் விட்டு உச்சவரம்பு 6400 வையுங்கள். ஐஎஸ்ஓ ஏறினால் படத்தில் புள்ளி புள்ளியாக விழும் என்று பயந்து அதைக் குறைத்து, ஷட்டரை 1/250-க்கு இறக்குகிறார்கள். புள்ளியைப் பிற்பாடு மென்பொருளில் குறைக்கலாம். அசைந்து மங்கிய கண்ணை எதைக்கொண்டும் திருத்த முடியாது.

7. வெள்ளைக் கொக்கில் தேறுங்கள்

ஏரியில் எப்போதும் கிடைக்கும் பறவை கொக்கு. மிகவும் கெட்டுப்போகும் படமும் அதனுடையதே. கேமரா தான் பார்ப்பதை எல்லாம் நடுத்தரச் சாம்பல் நிறத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். கரும்பச்சைப் புல்லின் முன்னால் சிறியதாக நிற்கும் கொக்கு என்றால், இருட்டான பின்னணியைப் பார்த்துக் கேமரா வெளிச்சத்தை ஏற்றும். கொக்கின் இறகு வரிகள் அழிந்து சுண்ணாம்பு அடித்ததுபோல் ஆகிவிடும். அப்போது ஒரு ஸ்டாப் குறையுங்கள், அதாவது வெளிச்சத்தைப் பாதியாக்குங்கள்.

அதே கொக்கு வெளிறிய வானத்தில் பறந்தால் நிலைமை தலைகீழ். கேமரா வெளிச்சத்தை இறக்கிவிடும், கொக்கு சாம்பலாகும். அங்கே ஒரு ஸ்டாப் வரை கூட்ட வேண்டும்.

வெளிச்சம் நிலையாக உள்ள காலையில் இன்னும் நல்ல வழி, எல்லாவற்றையும் கையால் வைப்பது. ஐஎஸ்ஓவையும் தானியங்கியிலிருந்து எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் அது பின்னணிக்கு ஏற்ப மாறிக்கொண்டே இருக்கும். வெயிலில் நிற்கும் ஒரு கொக்கை எடுத்துத் திரையில் பாருங்கள். வெளுத்த பகுதி மின்னி எச்சரித்தால், மின்னல் நிற்கும் வரை குறையுங்கள். அப்புறம் கொக்கு புல்லின் முன் பறந்தாலும் வானத்தின் முன் பறந்தாலும் அதன் மேல் விழும் வெயில் ஒன்றுதான், அளவை மாற்றத் தேவையில்லை. சூரியன் ஏற ஏற, கால் மணிக்கு ஒரு முறை சரிபார்த்தால் போதும்.

8. நெருங்குவதும் காத்திருப்பதும்

சூரியன் எழுவதற்கு அரை மணி முன்பே இடத்தில் உட்கார்ந்துவிடுங்கள். ஜனவரியில் சூரியன் ஆறரை மணியை ஒட்டி எழும்; ஆறு மணிக்கு உட்கார்ந்திருக்க வேண்டும். பறவை வந்த பிறகு நீங்கள் வந்தால் அது விலகும். நீங்கள் இருக்கும்போது பறவை வந்தால் உங்களை நிலத்தில் ஒன்றாக ஏற்றுக்கொள்ளும்.

நின்று எடுக்காதீர்கள். உட்கார்ந்தோ படுத்தோ லென்ஸைப் பறவையின் கண் மட்டத்துக்குக் கொண்டுவந்தால் பின்னணி தூரத்துக்குப் போய் மங்கிவிடும். கரையின் உச்சியிலிருந்து கீழே பார்த்து எடுக்கும் படத்தில் பறவைக்குப் பின்னால் அழுக்குத் தண்ணீர்தான் இருக்கும்.

நெருங்கியே ஆக வேண்டும் என்றால் நேராகப் போகாமல் சாய்வாக, பத்து அடி நடந்து இரண்டு நிமிடம் நின்று போங்கள். மேய்வதை நிறுத்தித் தலையைத் தூக்கினால் அது முதல் எச்சரிக்கை, அங்கேயே நில்லுங்கள். கழுத்தை நீட்டி உடலைத் தாழ்த்தினால் அடுத்த நொடி பறக்கும், பின்வாங்குங்கள். ஆள்காட்டிப் பறவை கத்தத் தொடங்கினால் ஏரி முழுக்கச் செய்தி போய்விட்டது, அந்த இடத்தை விட்டுவிடுங்கள்.

சில விஷயங்களில் விட்டுக்கொடுக்க இடமே இல்லை. கூட்டம் பறக்க வேண்டும் என்று கல் எறிவதும் கை தட்டுவதும், பதிவுசெய்த குரலைப் போட்டு அழைப்பதும், ட்ரோன் விடுவதும் வேண்டாம். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வந்த பறவை, இரை தேடிச் சேர்க்கும் தெம்பை நம் படத்துக்காகச் செலவழிக்கக் கூடாது. கூட்டின் பக்கம் போகாதீர்கள். கூட்டையோ முட்டையையோ கலைப்பது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டை என்பதற்குள்ளேயே வருகிறது. கோடையில் காய்ந்த ஏரித்தரையில் ஆள்காட்டி முட்டையிடும். மண்கட்டிபோலவே இருக்கும், மிதித்தால்தான் தெரியும். பறவை தலைக்கு மேல் சுற்றிக் கத்தினால் வந்த வழியே காலடி பார்த்துத் திரும்புங்கள்.

9. பறக்கும் படத்துக்குக் காற்றைக் கேளுங்கள்

பறவை எழுவதும் இறங்குவதும் காற்றை எதிர்த்துத்தான். இதை அறிந்தவருக்குப் பறக்கும் படம் பாதி எளிது. காற்று உங்கள் முதுகிலிருந்து ஏரியை நோக்கி வீசினால், இறங்கும் பறவை உங்களைப் பார்த்தபடி இறங்கும். வடகிழக்குக் காற்று வீசும் காலை ஒன்றில் கிழக்குக் கரையில் இருந்தால் வெயிலும் முதுகில், காற்றும் முதுகில். அந்த நாளை வீணாக்காதீர்கள். காற்று எதிரே மேற்கிலிருந்து வந்தால் வால் படம்தான் கிடைக்கும். அன்றைக்கு நிற்கும் பறவையை எடுங்கள்.

பெரிய பறவையிலிருந்து தொடங்குங்கள். நத்தை குத்தி நாரையும் கூழைக்கடாவும் மெதுவாக, நேர்கோட்டில் வரும். அதில் பத்துக்கு ஐந்து கூர்மையாக வந்த பிறகு கொக்கு, அப்புறம் மீசை ஆலா. கருப்பு வெள்ளை மீன்கொத்தி அந்தரத்தில் ஒரே இடத்தில் சிறகடித்து நிற்கும். அது பாயும் நொடியைப் பிடிக்க ஆசைப்படாமல், நிற்பதை முதலில் எடுத்துப் பழகுங்கள். தகைவிலானைத் துரத்துவது அடுத்த வருடத்துக்கு இருக்கட்டும்.

10. வீடு திரும்பிய அன்றே செய்ய வேண்டியவை

படங்களை அன்றைக்கே கணினியில் ஏற்றி, கண் கூர்மையாக இல்லாததை எல்லாம் நீக்குங்கள். நீக்கும் முன் காரணத்தை ஒரு சொல்லில் எழுதுங்கள்: அசைவு, ஃபோகஸ், வெளிச்சம், கானல், தூரம். ஒரு மாதம் கழித்து எண்ணிப் பார்த்தால் எந்தச் சொல் அதிகம் என்று தெரியும். அடுத்த மாதம் பழக வேண்டியது அதைத்தான். அசைவு அதிகம் என்றால் ஷட்டர். தூரம் அதிகம் என்றால் லென்ஸ் கடைக்குப் போகாமல் 8ஆம் பகுதிக்குத் திரும்புங்கள்.

நோட்டில் ஒரு பக்கம் எழுதுங்கள்: தேதி, தண்ணீர் மட்டம் (மடையின் எந்தப் படி வரை), காற்றின் திசை, உட்கார்ந்த இடம், எந்தப் பறவை எத்தனை மணிக்கு எங்கிருந்து வந்தது. பறவைப் பட்டியலை இபேர்டிலும் ஏற்றுங்கள். பொங்கல் விடுமுறையில் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் உங்கள் ஏரியையும் சேர்க்கலாம். பல பறவைகள் கூடு கட்டும் இடத்தையும் அரிதானவை தங்கும் மரத்தையும் மட்டும் சமூக ஊடகத்தில் இடக்குறியோடு போடாதீர்கள். அடுத்த ஞாயிறு முப்பது பேர் அங்கே நிற்பார்கள்.

கடைசியாக, அடுத்த முறைக்கு ஒரே ஒரு படத்தை மட்டும் திட்டமிட்டு அந்தப் பக்கத்தின் அடியில் எழுதுங்கள். “மூன்றாவது மடைக்கு எதிரே பட்ட கருவேலம், பாம்புத்தாரா, 7 மணி, தெற்குப் பக்கமிருந்து” என்ற அளவுக்குக் குறிப்பாக. விடியற்காலை வண்டியைக் கிளப்பும்போது எங்கே போய் உட்கார வேண்டும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும்.